நீண்டகாலப் புற்றுநோய் ஆய்வுகள்: பங்கேற்பவர்களை இழக்க வைக்கும் தவறுகள்

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டு, இருபது ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். அவர்கள் நலமாக இருந்தவர்கள். நோயாளியையும் கூட இருந்து பார்த்துக்கொள்பவரையும் அவ்வளவு காலம் ஆய்வில் வைத்திருப்பது அதைவிடக் கடினம். வெளியேறுபவர்களில் உடல்நிலை மோசமானவர்கள் மிகுந்தால், எஞ்சியவர்களின் கணக்கு உண்மையைவிட நல்லதாகத் தோன்றும்.

முதல் தவறு, ஒரே ஒரு கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது. தாராவியிலிருந்து வரும் தமிழ் நோயாளி கொடுப்பது பெரும்பாலும் மகனுடைய எண். கீமோ முடிந்ததும் அவர் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டால் தொடர்பு அறுந்துவிடும். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் அனுமதியுடன் வாங்கி, ஒவ்வொரு வருகையின்போதும் சரிபார்க்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. 'சீரற்ற ஒதுக்கீடு' என்று அச்சடித்துக் கொடுப்பதைவிட, 'யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் போல முடிவாகும்' என்று சொல்வதே புரியும். பயணச் செலவுக்கு ரசீது கேட்பதும் தவறுதான்: மும்பையில் சயனுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது, மருத்துவமனை இருக்கும் பரேலுக்கு டாக்ஸியில் வருபவர் ரசீதுக்கு எங்கே போவார்? ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் வருகைக்கு இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்துவிடலாம்.

சிகிச்சையை நிறுத்திக்கொள்கிறேன் என்பவரை ஆய்விலிருந்தே விலகியவராகக் குறித்துவிடுவது இன்னொரு பிழை. எப்போது வேண்டுமானாலும் விலகுவது அவர் உரிமை. அதற்குக் காரணம் கேட்டு நெருக்கக்கூடாது. ஆனால் தொலைபேசியில் மட்டும் நலம் விசாரிக்கலாமா என்று ஒருமுறை கேட்பதில் தவறில்லை.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, பார்த்துக்கொள்பவரும் பங்கேற்பாளரே என்பதை மறப்பது. தாய் பக்கத்துப் பெஞ்சில் படுத்திருக்க, "உங்களுக்குத் தூக்கம் வருகிறதா, பணக்கவலை உண்டா?" என்று மகளிடம் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலே கிடைக்கும். தனியே அழைத்து, உட்காரவைத்துக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். தாய் இறந்த பிறகும் "உங்கள் தாயாரின் அடுத்த பரிசோதனை திங்கட்கிழமை" என்ற தானியங்கிக் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தால், அந்த மகள் நம் எண்ணை மறுபடி எடுக்கமாட்டார்.