நோய் விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்ப: குமரி எல்லை ஆசிரியர்களுக்கு

தமிழ்நாடு, கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் வைத்தியம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பெரிய நோய் கண்ட ஆசிரியர்கள் பலருக்கு இதுதான் நிலைமை. புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்), இதயம், மூளை என்றால் அங்கேயே ஸ்ரீசித்திரா மருத்துவமனை. விடுப்பும் சம்பளமும் தமிழ்நாட்டு விதிப்படி, மருத்துவக் காகிதம் முழுக்கக் கேரளத்து முத்திரையோடு. திரும்பி வரும்போது முதல் சிக்கல் இந்த இடத்தில்தான். இரண்டாவது சிக்கல் உடம்பில். நோய் அடங்கிவிட்டதா என்பதைத் தகுதிச் சான்று சொல்லும். தினமும் ஆறு பீரியட் நின்று, அறுபது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேச முடியுமா என்பதை அது சொல்லாது. அதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒத்திகை

சேர நினைக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். பள்ளி நாளில் எழும் நேரத்துக்கே எழுந்து, குளித்து, உடுத்தி, இருபது நிமிடம் நடக்க வேண்டும். பிறகு சுவரைப் பார்த்து நின்று ஒரு பாடத்தை நாற்பது நிமிடம் வகுப்புக் குரலில் நடத்துங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதல் வாரம் நாளுக்கு ஒரு தடவை, இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் மதிய உணவுக்கு முன் இரண்டும் பின் ஒன்றும். உங்கள் வகுப்பு மாடியில் என்றால், அத்தனை படியை மூச்சு முட்டாமல், இடையில் நிற்காமல் ஏறமுடிகிறதா என்றும் பாருங்கள். நெஞ்சு அறுவை செய்தவர்கள் இதை இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அன்றைக்கு எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உற்சாகத்தில் யாரும் ஒரு நாளை ஓட்டிவிடலாம். மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடிகிறதா என்று பார்ப்பதுதான் அளவு. நீண்ட நோய்க்குப் பிந்தைய சோர்வு ஒரு நாள் தள்ளித்தான் வட்டியோடு வரும். இரண்டு நாள் தொடர்ந்து செய்துவிட்டு மூன்றாம் நாள் முழுக்கப் படுக்க நேர்ந்தால், தேதியைத் தள்ளிப் போடுங்கள். நீட்டிப்பு விண்ணப்பம் இருக்கும் விடுப்பு முடிவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். முடிந்த பிறகு கொடுத்தால் இடைப்பட்ட நாட்களுக்கு விளக்கம் எழுதியே களைத்துப் போவீர்கள்.

காகிதங்கள்

அரசு ஆசிரியருக்கு மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து அதிகபட்சம் 540 நாள். எத்தனை ஆண்டு பணி முடித்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த நேரத்தில் கிடைப்பது மாறும். எஸ்.ஆரில் (பணிப்பதிவேட்டில்) இதுவரை எவ்வளவு கழிந்திருக்கிறது என்று நேரில் பாருங்கள். வாய்க்கணக்கு உதவாது. 60 நாளைத் தாண்டிய எம்.எல். (மருத்துவ விடுப்பு) மருத்துவக் குழுவுக்குப் போகும். குழு எந்த நாளில், எந்த மருத்துவமனையில் கூடுகிறது என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நீங்கள் தயாராகியும் குழுவின் தேதி வராமல் வீட்டில் உட்கார நேரலாம்.

கேரளத்து மருத்துவமனைக் காகிதத்தில் மூன்று விஷயத்தை வாங்கும்போதே சரிபாருங்கள். முதலாவது பெயர். அங்கே இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுவது வழக்கம், சில நேரம் வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்ளும். எஸ்.ஆரில் உள்ளபடியே பெயர், இனிஷியல், பிறந்த தேதி வேண்டும் என்று ஓ.பி. சீட்டு போடும்போதே சொல்லிவிட்டால் நல்லது. இல்லையென்றால் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் திருத்தம் கேளுங்கள். இரண்டாவது தேதிகள். சேர்ந்த நாள், வெளியேறிய நாள், கீமோ அல்லது கதிர்வீச்சு கொடுத்த நாட்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பணிக்குத் தகுதியில்லை என்பது, எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். மூன்றாவது மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும். கையெழுத்து மட்டும் இருக்கும் தாள் திரும்பி வரும். அதற்காக இன்னொரு தடவை திருவனந்தபுரம் போய் வந்தால் ஒரு பகல் போச்சு.

வெளிமாநிலச் சான்றைச் சில அலுவலகங்கள் தயக்கத்தோடு பார்க்கும். அங்கிருந்து சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கி, அதைக் காட்டி இங்குள்ள அரசு மருத்துவரிடம் தகுதிச் சான்று பெறுவதுதான் சண்டையில்லாத வழி. மூலத்தை யாரிடமும் விட்டுவராதீர்கள். மூன்று செட் நகல் போதும்.

தகுதிச் சான்றின் வாசகத்தில் கவனம் வேண்டும். உங்கள் மேல் இரக்கப்பட்டு மருத்துவர் ‘இலகுவான வேலைக்கு மட்டும் தகுதி’ என்று எழுதிவிட்டால், அந்தத் தாள் மேசை மேசையாக அலையும். பாதி வேலை என்றொரு பிரிவு நம் விடுப்பு விதிகளில் இல்லை. சான்று முழுத் தகுதியைச் சொல்லட்டும். பளு தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது போன்ற ஆலோசனைகளைத் தனித்தாளில் வாங்கி எச்.எம்.மிடம் (தலைமையாசிரியரிடம்) கொடுங்கள். சான்றில் உள்ள தேதியும் நீங்கள் சேரும் தேதியும் ஒத்துப்போக வேண்டும். நடுவில் மூன்று நாள் விழுந்தால் அந்த மூன்று நாளுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

சேர வியாழக்கிழமைதான் நல்ல நாள், ஜோசியத்துக்காக அல்ல. இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று முதல் வாரம் சுருங்கிவிடும். திங்களன்று சேர்ந்தால் புதன்கிழமையே உடம்பு கெஞ்சும். உதவிபெறும் பள்ளி என்றால் பணியேற்பு அறிக்கை தாளாளர் வழியாகத்தான் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். நிர்வாகம் எப்போது அனுப்பியது என்று தேதியோடு குறித்து வையுங்கள். அரசின் சம்பள, விடுப்புச் செயலியான களஞ்சியத்தில் விடுப்பும் பணியேற்பும் ஏறிவிட்டதா என்று அந்த வாரமே பாருங்கள். சம்பளம் நின்றபிறகு ஓடுவதை விட அது மேல்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த விதி எதுவும் இல்லை, நியமன ஆணையில் உள்ளதுதான். ஆனால் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் சும்மா இருக்க வேண்டாம். ஆண்டுக்கு 91 நாள் வரை எழுபது சதவீத ஊதியம் நோய்ப் பயனாகக் கிடைக்கும். புற்றுநோய், காசநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு எண்பது சதவீதம் வீதம் இரண்டாண்டு வரை நீளும். சந்தா செலுத்திய காலம் குறித்த நிபந்தனைகளைக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

டைம்டேபிள்

சேர்வதற்கு முந்தைய வாரமே எச்.எம்.மைப் போய்ப் பாருங்கள். ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்’ என்ற வேண்டுதல் முதல் வாரம் மட்டும் வேலை செய்யும். இரண்டாம் வாரம் யாராவது விடுப்புப் போட்டால் அவருடைய சப்ஸ்டிட்யூஷன் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே தாளில் எழுதிக் கொண்டு போங்கள். ஆறு வாரத்துக்கு மட்டும் கேளுங்கள், முடிவுத் தேதியும் போடுங்கள். முடிவு தெரிந்தால் கொடுக்கிறவர்களுக்கும் மனம் வரும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டாம். வகுப்பு எல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பீரியட் காலியாக இருக்கட்டும். சப்ஸ்டிட்யூஷனும் காலை வழிபாட்டில் நிற்பதும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். பதிலுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையை நீங்களே முன்வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, வினாத்தாள் தயாரிப்பு, நூலகம், மெல்லக் கற்கும் ஐந்தாறு பிள்ளைகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் படிப்பிப்பது. உங்கள் பீரியட்டைச் சுமக்கும் சக ஆசிரியருக்கும் முதுகு உண்டு. கைமாறாக ஒன்றைக் கொடுத்தால்தான் ஸ்டாஃப் ரூமில் முணுமுணுப்பு வராது.

நோயால் நிரந்தரக் குறைபாடு வந்துவிட்டவர்களின் கதை வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அரசு உதவிபெறும் நிறுவனங்களும் இதில் அடங்கும். ‘நீங்களே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று யாராவது அன்பாகச் சொன்னால் இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொண்டு, கையெழுத்தை அன்று போடாமல் வாருங்கள்.

தொண்டை, கை, கால்

முதலில் தளர்வது குரல். இடுப்பில் கட்டும் சிறு ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கிவிடுங்கள், வெட்கம் ஒரு நாள்தான். பத்து நிமிடம் பேசினால் ஐந்து நிமிடம் பிள்ளைகள் எழுதட்டும், வாசிக்கட்டும். வகுப்பை அடக்கக் கத்தாமல் மேசையை இரண்டு தட்டு தட்டுங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுப்பதும் தவறு, அது குரல்நாணை இன்னும் இறுக்கும். பீரியட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைச் சிறுசிறு மடக்காகக் குடியுங்கள். டஸ்டரை நனைத்துப் பிழிந்து துடைத்தால் சாக்பீஸ் தூள் பறக்காது. கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அறுவை செய்தவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையால் நோட்டுக் கட்டைத் தூக்கக் கூடாது. ஒரு வகுப்பின் நோட்டுகள் ஐந்து கிலோவுக்கு மேல் வரும், பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். போர்டின் மேல்வரி வரை கையைத் தூக்கி நெடுநேரம் எழுதினாலும் கை வீங்கலாம். சிலருக்குக் கீமோவுக்குப் பின் விரல் நுனியும் பாதமும் மரத்துப் போகும். சாக்பீஸ் நழுவும், அதற்கு ஹோல்டர் உண்டு. பாதம் மரத்தவருக்கு மழையில் நனைந்த வராந்தாதான் பெரிய எதிரி. வழுக்காத, பின்வார் உள்ள செருப்பு போடுங்கள்.

மறதியும் வரும். இருக்கை வரிசைப்படி பெயர் எழுதிய தாளை மேசையில் ஒட்டிவிடுங்கள். பாடத்தை எங்கே நிறுத்தினீர்கள் என்று பீரியட் முடியும்போதே ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண் கூட்டலை மாலையில் செய்யாதீர்கள். காலையில் செய்து, வேறொருவர் சரிபார்க்கட்டும்.

மழை, காய்ச்சல், செக்கப்

பள்ளி திறக்கும் ஜூன், குமரியில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதம். ஐப்பசியில் அடுத்த மழை. இரண்டு மழையிலும் பாதி வகுப்பு இருமும். கீமோ தொடர்பவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். அந்த வாரத்தில் வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டு வையுங்கள். சன்னல் பக்கம் மேசையைப் போடுங்கள், மாஸ்க் போடுங்கள். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். பிள்ளைகளிடம் ஒரு வரி சொல்லி வைத்தால் போதும்: ‘அம்மை போட்டாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டிலிருந்து போனில் சொல்லுங்க.’

சி.எல். (தற்செயல் விடுப்பு) ஆண்டுக்கு 12 நாள்தான். மூன்று மாதத்துக்கு ஒரு செக்கப், அதற்கு முன் ஒரு ஸ்கேன் என்றால் எட்டு நாள் அதிலேயே போய்விடும். ரத்தப் பரிசோதனையை முந்தைய சனிக்கிழமை உள்ளூர் லேபில் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். இரண்டு மாநில விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துத் தேதி வாங்குங்கள். மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் நமக்கு விடுமுறை, அங்கே ஓ.பி. நடக்கலாம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும் அப்படியே. ஓணத்தை ஒட்டித் தேதி வாங்காதீர்கள். கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்தால் பேருந்து களியக்காவிளையோடு நின்றுவிடும். ஆகவே கிளம்பும் முந்தைய இரவு செய்தியைப் பார்த்துவிட்டு, துறை ஓ.பி. எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிட்டு, பிறகு சி.எல். கடிதத்தை அனுப்புங்கள்.