வாயாங் கலைஞர்களைப் படமெடுக்கலாம் வாங்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சிங்கப்பூரில் சீனக் கோயில் வாசலிலும் அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள திடலிலும் மேடை போட்டு நடக்கும் வாயாங், அதாவது சீனத் தெரு ஓபரா, குறைந்துகொண்டே வருகிறது. தியோச்சியூ, ஹொக்கியன் போன்ற மொழிகளில் பாடி நடிக்கும் கலை இது. 1979இல் 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கம் தொடங்கிய பிறகு அந்த மொழிகள் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து மெல்ல மறைந்தன, வீட்டிலும் பிள்ளைகள் பேசுவது குறைந்தது. பாட்டு புரியாத பிள்ளை எவ்வளவு நேரம் உட்காரும்? கெத்தாய் எனப்படும் நவீனப் பாட்டுக் கச்சேரி மேடைகள் வந்து மீதிக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டன. மேடையில் இருப்பவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, அதனால் படமெடுக்க ஆசை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

1. எப்போது, எங்கே

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், அதாவது ஆவிகளுக்குப் படைக்கும் மாதம், பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அப்போது வாய்ப்பு அதிகம். மற்ற மாதங்களில் கோயில் தெய்வங்களின் பிறந்தநாளுக்கும் நாடகம் போடுவார்கள். கோயிலுக்கு நேரில் போய் அங்கிருக்கும் பெரியவரிடம் கேட்பதுதான் நம்பகமான வழி. இரவு ஆட்டம் ஏழு மணிவாக்கில் தொடங்கும் என்றால் ஐந்து மணிக்கே போய்விடுங்கள், ஏனென்றால் நல்ல படங்களில் பாதி ஆட்டத்துக்கு முன்பே கிடைத்துவிடும்.

2. கருவி

குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று போதும். மேடைக்குப் பின்னால் இடம் நெருக்கடியாக இருக்கும், அகலமாகப் பிடிக்கும் 35 மி.மீ. இருந்தால் இன்னும் வசதி. ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 'ரா' (RAW) கோப்பாகவே, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாகவே எடுங்கள், பின்னால் நிறத்தைச் சரிசெய்ய அது வேண்டும்.

3. மேடைக்குப் பின்னால்

இந்தப் படியில் அவசரமே கூடாது. முதலில் கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு குழுத் தலைவரிடம் அனுமதி கேளுங்கள். "அங்கிள், ஆண்டி" என்று கூப்பிட்டு, கேமராவைக் காட்டி, தலையசைப்புக்குக் காத்திருங்கள். நன்றி சொல்ல 'காம்சியா' போதும். யாராவது வேண்டாம் என்று கையசைத்தால் அவரை விட்டுவிடுங்கள். உள்ளே குழுவின் காவல் தெய்வத்துக்குச் சின்னப் பீடம் இருக்கும், அதன் முன்னால் நிற்காதீர்கள். உடைப்பெட்டிமேல் உட்காராதீர்கள். குழந்தைப் பொம்மையைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், அதையும் தெய்வமாக மதிப்பார்கள்.

ஒப்பனைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, தெரிந்துகொண்டால் அடுத்து எங்கே நிற்பது என்று புரியும். முதலில் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, பிறகு கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் சிவப்பு, அதன்மேல் பவுடர், அப்புறம் புருவமும் கண்மையும். பிறகு நெற்றியில் பட்டை கட்டிப் புருவத்தை மேலே இழுப்பார்கள். அந்தக் கணத்தில் களைத்த முகம் மறைந்து பாத்திரத்தின் முகம் வந்துவிடும், அதைத் தவறவிடாதீர்கள். கடைசியில்தான் தலை அலங்காரம். தெருக்குழுக்களில் பெரும்பாலும் அவரவர் ஒப்பனையை அவரவரே போட்டுக்கொள்வார்கள், ஆகவே முகத்தைப் போலவே கையையும் எடுங்கள், பல வருடப் பழக்கம் அந்த விரல்களில் இருக்கிறது. கலைஞருக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் குனிந்து நின்றால் கண்ணாடியில் நீங்கள் விழமாட்டீர்கள், முகமும் அதன் பிம்பமும் சேர்ந்து கிடைக்கும்.

டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும், படத்தில் பட்டை பட்டையாக விழும். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இந்தப் பட்டைகளை மோசமாக்கும், சாதாரண மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

4. மேடையில்

பெரும்பாலும் முதலில் எட்டு அமரர்கள், அதாவது சீனப் புராணத்தில் சாகாவரம் பெற்ற எட்டுப் பேர், வந்து வாழ்த்தும் சின்னக் காட்சி, அது தெய்வத்துக்கு. அந்த நேரத்தில் கோயிலுக்கும் மேடைக்கும் நடுவே நின்று மறைக்க வேண்டாம். வெள்ளை முகமும் இருண்ட பின்னணியும் சேர்ந்தால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுத்துவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 1600இலிருந்து 3200 வரை போகலாம், கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். அசைவை நிறுத்த 1/250 வேண்டியிருக்கும், பட்டை விழுந்தால் 1/100க்கு இறங்கி, அசையாத நொடிக்குக் காத்திருங்கள்.

அந்த நொடியைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். மத்தளமும் கோங் எனும் உலோகத் தட்டும் வேகமெடுத்து ஓர் அடியில் நிற்கும்போது நடிகரும் ஒரு நிலையில் அப்படியே உறைந்து நிற்பார். ஒரு காட்சியை எடுக்காமல் வெறுமனே கேட்டுவிட்டு, அடுத்ததில் எடுங்கள்.

5. இரண்டு விஷயங்களில் கவனம்

முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருப்பதைச் சிலர் படமெடுத்து 'பார்க்க ஆளில்லை' என்று போடுகிறார்கள். ஏழாம் மாதத்தில் அந்த வரிசை ஆவிகளுக்காக விடப்பட்டது, அங்கே உட்காரக் கூடாது. கூட்டம் குறைந்தது உண்மைதான், ஆனால் அந்த நாற்காலிகள் அதற்குச் சாட்சி இல்லை.

இன்னொன்று, சோகம் தெரியட்டும் என்று கறுப்பு வெள்ளையாக்காதீர்கள். முகம் முழுக்கத் தீட்டும் பாத்திரங்களுக்கு நிறமே குணம். சீனக் கதைகளில் வரும் வீரன் குவான் யூவின் சிவப்பு விசுவாசம், தந்திரக்காரத் தலைவன் சாவ் சாவின் வெள்ளை வஞ்சகம், நீதிபதி பாவ்வின் கறுப்பு நேர்மை. நிறத்தை எடுத்துவிட்டால் கதை தெரிந்தவருக்கே யார் யாரென்று குழப்பம் வரும். இவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் கலைஞர்கள், பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டாதீர்கள்.

6. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே எழுதிவையுங்கள்: குழுவின் பெயர், நாடகத்தின் பெயர், கோயில், தேதி, யார் எந்தப் பாத்திரம். பொதுவில் பகிர்வதற்கு முன் கலைஞரிடம் கேட்டுவிடுங்கள். நல்ல படங்களை அஞ்சலட்டை அளவில் அச்செடுத்து, அதே குழு அடுத்து எங்கே ஆடுகிறது என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள்.