ராத்திரியில மீடியம் வேவ் பிடிக்கிறது எப்படி

எஃப்எம் மட்டுமே கேட்டு பழகினவங்க ரேடியோல ஏஎம்னு ஒரு பட்டன் (மீடியம் வேவ் வர்றது அதுலதான்) இருக்கிறதையே மறந்துட்டாங்க, பகல்ல எப்பவாவது அமுக்கிப் பாத்தா உள்ளூர் ஆகாசவாணி ஒண்ணு வரும், மிச்சமெல்லாம் கரகரப்புதான், சரி இது அவ்வளவுதான்னு விட்டுடுறாங்க. இருட்டினப்புறம் அதே பட்டனை அமுக்குங்க.

விஷயம் என்னன்னா தரையிலேர்ந்து சுமார் 60-90 கிலோமீட்டர் உயரத்துல வெயிலால உண்டாகுற டி லேயர்னு ஒரு காத்து அடுக்கு இருக்கு, பகல் பூரா மீடியம் வேவ் சிக்னலை அதுதான் முழுங்குது. சூரியன் இறங்கினா அது கரைஞ்சிடும், அப்புறம் சிக்னல் இன்னும் மேல போய் அங்கேர்ந்து திரும்பி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கும். எஃப்எம்ல இந்த வித்தை நடக்காது.

ஏரியலை இழுத்து நீட்டாதீங்க, சாதாரண போர்ட்டபிள் செட்டுல அது மீடியம் வேவுக்கு ஒண்ணும் பண்ணாது. உள்ள கறுப்பா ஒரு ஃபெரைட் ராடு, அதுமேல செப்புக் கம்பி சுத்தியிருக்கும், அதான் இதுக்கு ஆன்டெனா. அந்த ராடோட நீளப் பக்கம் ஸ்டேஷனைப் பாத்து இருந்தா நல்லா வரும், முனை பாத்தா அமுங்கிடும், அதனால ஒரே இடத்துல ரெண்டு ஸ்டேஷன் கலந்து கேட்டா செட்டை மெதுவா திருப்புங்க, ஒண்ணு அமுங்கி இன்னொண்ணு தெளியும் (எனக்கு இதுல இருக்கிற சுகமே இந்த திருப்புறதுதான்).

டிஜிட்டல் செட்டுன்னா முதல்ல ஸ்டெப் பாருங்க, அதாவது ஒரு தடவை அமுக்கினா எத்தனை கிலோஹெர்ட்ஸ் தாவுதுன்னு. நம்ம பக்கம் மீடியம் வேவ் 531லேர்ந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 9 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு ஸ்டேஷன், அமெரிக்காவுல 10. செட்டு 10ல இருந்தா சென்னை 720 ஒழுங்கா வரும், ஏன்னா அது ரெண்டு கணக்குலயும் வருது, ஆனா திருச்சி 936க்குப் போனா 930, 940ன்னு தாண்டிடும், உடனே செட்டு போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, ஸ்டெப்பை 9க்கு மாத்துனா போதும், எப்படின்னு செட்டோட வந்த புக்லெட்ல இருக்கும்.

அடுத்தது வீட்டு இரைச்சல். எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே இந்த பேண்டுல கத்தும். செட்டை பேட்டரியில போட்டு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க, எது குற்றவாளின்னு காதே சொல்லிடும். கான்க்ரீட் வீடுன்னா ஜன்னல் ஓரம், முடிஞ்சா மொட்டை மாடி. இடி மழை நாள்ல ட்ரை பண்ணாதீங்க, மாடியில நிக்கிறது ஆபத்து, படபடன்னு சத்தத்தைத் தவிர ஒண்ணும் கேக்கவும் கேக்காது.

முதல்ல 882 வைங்க, இலங்கை புத்தளத்துலேர்ந்து வர்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு, நம்ம இந்திய மொழிகள்லயும் பேசுவாங்க. அப்புறம் 1053 தூத்துக்குடி. சத்தம் ஏறி இறங்கி அலை மாதிரி வந்தா பயப்படாதீங்க, வேற வேற வழியில வர்ற சிக்னல் ஒண்ணோட ஒண்ணு மோதுது. சில எடத்துல பேச்சே இல்லாம புஸ்ஸுன்னு ஒரே இரைச்சலா இருக்கும், அது டிஆர்எம் டிஜிட்டல் ஒலிபரப்பா இருக்கலாம், சாதா செட்டுல அது பேசாது, தாண்டிப் போங்க.

புரியாத மொழி மாட்டினா மாத்தாம மணி முழுசா ஆகுற வரைக்கும் வைங்க, ஸ்டேஷன் பேரை அப்பதான் பெரும்பாலும் சொல்லுவாங்க. அதுக்குள்ள ஃப்ரீக்வென்சியும் நேரமும் ஒரு பேப்பர்ல குறிச்சு வெச்சுக்குங்க.