விந்தணுக்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காப்பது எப்படி?

விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. அதைத் தடுக்கும் நொதிகளோ அதனிடம் குறைவு. எனவே எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிப் பெருகும்போது (இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம்) விந்தணுவின் நீந்தும் திறன் குறைவதோடு, உள்ளிருக்கும் டி.என்.ஏ.வும் சிதையக்கூடும்.

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையெனில், மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பாமல் (நம் வீடுகளில் இன்னும் அதுதானே நடக்கிறது), கணவரும் 2 முதல் 7 நாட்கள் விந்து வெளியேற்றாமல் இருந்து விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனைவி 35 வயதைக் கடந்தவரென்றால் ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். விதைப்பையில் இரத்தநாளங்கள் புடைத்திருக்கும் வெரிகோசீல் உண்டா என்பதையும் சிறுநீரியல் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தத்திற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

முதலில் புகைப்பதை நிறுத்துங்கள். மது, உடற்பருமன், கட்டுப்படாத சர்க்கரை நோய், விதைப்பையில் நெடுநேரம் படும் வெப்பம் ஆகியவற்றையும் குறைக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், பலனை மூன்று மாதங்களுக்குப் பிறகே சோதித்தறிய முடியும்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது பெரும்பாலும் வீண்செலவு என்றே கருதுகிறேன். வைட்டமின் சி, வைட்டமின் இ, செலினியம், துத்தநாகம் முதலியவை கலந்த மாத்திரையைச் சோதித்து அமெரிக்காவில் 2020இல் வெளியான மோக்சி ஆய்வில், விந்தணுவின் தரம் மேம்படவில்லை. உடற்பயிற்சிக்கூடங்களில் பரிந்துரைக்கப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும். ஏற்கெனவே போட்டுக்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.