பெல்ஜியத்துக்கு சைக்ளோக்ராஸ் ஓட்டப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

சைக்ளோக்ராஸ்னா குளிர்காலத்துல சேறு, மணல், புல்லுன்னு போட்ட சுத்துப் பாதையில, மிதிக்க முடியாத இடத்துல சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஓடுற பந்தயம். அதை ஓட்டுற எல்லாருக்குமே ஒரு தடவையாவது பெல்ஜியத்துல ஓட்டிப் பாத்துடணும்னு ஒரு ஆசை இருக்கும். வேலைக்குப் போய்க்கிட்டு, வாரக் கடைசியில மட்டும் ரேஸ் ஓட்டுற ஆளா இருந்தாலும் சரி, அந்த ஆசை நியாயமானதுதான். ஸ்வென் நைஸ், வவுட் வான் ஆர்ட் மாதிரி உலக சாம்பியனுங்க ஓட்டுன அதே சேத்துல, பெரிய வீரர்கள் ஓட்டுற அதே நாள்ல, ட்ராக் ஓரம் கட்டுன அதே கயித்துக்கு நடுவுல நாமளும் ஓட்டலாம், வேற எந்த விளையாட்டுல இது முடியும் சொல்லுங்க. நான் ஓட்டுறவன் இல்ல, மூணு குளிர்காலம் ஒரு நண்பருக்காக பிட்ல, அதாவது ரேஸ் நடுவுல சைக்கிள் மாத்துற இடத்துல, நின்னவன். அங்க நின்னு பாத்ததுல எனக்குப் புரிஞ்சது, வெளிநாட்டுல இருந்து வர்றவங்க பெரும்பாலும் கால்ல பலம் இல்லாம தோக்குறதில்ல. கிளம்புறதுக்கு முன்னாடி ஆறு மாசம் காலை மட்டும் தயார் பண்றாங்க, மத்த எதையும் தயார் பண்றதில்ல, அங்கதான் மாட்டிக்கிறாங்க.

முதல்ல பேப்பர் விஷயம். லைசென்ஸ் ஜனவரி 1-ல ஆரம்பிச்சு டிசம்பர் 31-ல முடியுது. பெல்ஜியத்துல ரேஸ் குவியுறதே கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி முதல் வாரத்துக்கும் நடுவுலதான், அதனால உங்க பயணம் ரெண்டு வருஷத்துல கால் வைக்குது. டிசம்பர் கடைசியில நல்லா ஓட்டிட்டு, ஜனவரி 1 அன்னிக்கு பால் ஊர்ல நடக்குற ஸ்வென் நைஸ் கிராண்ட் ப்ரீக்குப் போய் பழைய லைசென்ஸை நீட்டுனா ஓட்ட விட மாட்டாங்க, அந்த நேரத்துல லைசென்ஸ் குடுக்குற உங்க ஊர் சைக்கிள் ஃபெடரேஷன் ஆபீஸும் லீவுல இருக்கும். புது வருஷ லைசென்ஸை கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. அதோட வெளிநாட்டுல ஓட்ட அனுமதிக் கடிதம் வேணுமான்னு கேட்டு வாங்கி வச்சிக்கிங்க. உங்க லைசென்ஸ்ல எந்தப் பிரிவு போட்டிருக்குன்னும் பாருங்க, மாஸ்டர்ஸ்னு (வயசானவங்க பிரிவு) போட்டிருந்தா எலீட் (முதல் தர வீரர்கள்) ரேஸ்ல விடாம போகலாம். உலகக் கோப்பைக்கு நாமளா பேர் குடுக்க முடியாது, ஃபெடரேஷன்தான் ஆள் தேர்ந்தெடுக்கும். யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) பட்டியல்ல இருக்கிற மத்த ரேஸுக்கும் காலையில போய் மேஜையில பேர் எழுதிக்கலாம்னு நினைக்காதீங்க, சில வாரம் முன்னாடியே எழுதிக் கேட்டு, பதில் வந்ததான்னு பாத்துட்டுத்தான் டிக்கெட் போடணும்.

வயசானவங்களுக்கு ஒரு விஷயம், மோல் ஊர்ல சில்வர்மேர்னு ஒரு ஏரிக்கரை இருக்கு, பூரா மணல், மாஸ்டர்ஸ் உலக சாம்பியன்ஷிப்பே அங்க பல வருஷம் நடந்திருக்கு. உள்ளூர் மாஸ்டர்ஸ் ரேஸும் பெல்ஜியத்தோட வடக்குப் பகுதியான ஃப்ளாண்டர்ஸ் பக்கம் நிறைய உண்டு. டிவில வர்ற ரேஸ்ல ஓட்டுனாத்தான் பெல்ஜியத்துல ஓட்டுன மாதிரின்னு நினைக்கிறது என்னைப் பொறுத்தவரை ஒரு தப்புதான், சின்ன ஊர் ரேஸ்ல கடைசி சுத்து வரைக்கும் ஆளோட ஆள் மோதி ஓட்டலாம்.

ஏன்னா பெரிய ரேஸ்ல 80 சதவீத விதின்னு ஒண்ணு இருக்கு. முதல்ல போற ஆள் முதல் சுத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தாரோ, அதுல 80 சதவீதத்துக்கு மேல நீங்க பின்தங்கிட்டா உங்களை வெளிய எடுத்துடுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சுத்து 7 நிமிஷம்னா 5 நிமிஷம் 36 செகண்ட்தான் உங்க கையில இருக்கிற காசு. ஒரு சுத்துக்கு 1 நிமிஷம் 10 செகண்ட் விட்டீங்கன்னா அஞ்சாவது சுத்துலயே தீர்ந்துடும், ஒரு மணி நேர ரேஸ் உங்களுக்கு சுமார் 40 நிமிஷத்துலயே முடிஞ்சுடும். இது தெரியாம வந்து, வெளிய எடுத்ததும் அழுதுகிட்டே போறவங்களை நான் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். அது அவமானமே இல்ல, ரிசல்ட்ல உங்க பேர் எத்தனை சுத்து கம்மின்னு போட்டு வரும். இத்தனை சுத்து தாக்குப் பிடிக்கணும்னு ஒரு இலக்கு வச்சிக்கிட்டுப் போங்க. இன்னொண்ணு, யூசிஐ பாயின்ட் இல்லாதவங்களை கடைசி வரிசையில நிக்க வைப்பாங்க, முன்னாடி வரிசைக்கு 8 பேர்னு ஆளுங்க அடைச்சு நிப்பாங்க, முதல் வளைவுலயே கூட்டம் நெரிஞ்சு எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்குவாங்க, அங்கயே 20, 30 செகண்ட் போயிடும். "மெதுவா ஆரம்பிச்சு அப்புறம் பிடிச்சுக்கலாம்"ங்கிற உங்க ஊர் பழக்கம் இங்க வேலைக்கு ஆகாது. முதல் சுத்துதான் உங்க ரேஸ், அதுக்குத் தகுந்த மாதிரி வார்ம்அப் பண்ணிட்டு வியர்வையோட போய் நில்லுங்க.

இப்ப நான் ரொம்ப ஆதங்கப்படுற விஷயத்துக்கு வர்றேன், அது பிட். ஒரே ஒரு சைக்கிளை எடுத்துக்கிட்டு, கூட ஆளும் இல்லாம வர்றதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. அங்க இருக்கிற சேறு நீங்க பாத்த சேறு இல்ல. ஹாவர மாதிரி இடத்துல நடவுக்கு உழுது போட்ட வயல்ல கால் புதையுற மாதிரி இருக்கும், அரை சுத்துலயே சைக்கிள் ரெண்டு கிலோ கூடிடும், சங்கிலியும் கியரும் புல்லு மண்ணுன்னு அடைச்சுக்கும், அதையும் மீறி மிதிச்சா டெரெய்லர் (பின்னாடி கியர் மாத்துற பாகம்) முறிஞ்சு சக்கரத்துக்குள்ள போயிடும். அதனாலதான் பிட் ஒரு சுத்துல ரெண்டு தடவை வர்ற மாதிரி போட்டிருக்காங்க, நல்லா ஓட்டுறவங்க அரை சுத்துக்கு ஒரு தடவை சைக்கிளை மாத்துவாங்க. நீங்க அழுக்கு சைக்கிளை விட்டுட்டுப் போன மூணு நாலு நிமிஷத்துல அதைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சரியான கியர்ல போட்டு வச்சிக்கிட்டு நிக்க ஒரு ஆள் வேணும், ரெண்டு பேர் இருந்தா இன்னும் நல்லது.

அந்த ரெண்டு சைக்கிளும் ஒரே அளவா, ஒரே பெடலா, ஒரே பக்கம் பிரேக்கா இருக்கணும். பழைய சைக்கிள் ஒண்ணு வீட்டுல கிடக்குதுன்னு தூக்கிட்டு வந்து, சீட் உயரம் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துல ஓட்டி முதுகு பிடிச்சுக்கிட்டவங்க உண்டு. பிட் பாதைக்குள்ள நுழைஞ்சா சைக்கிளோ சக்கரமோ மாத்தித்தான் ஆகணும், சும்மா குறுக்க பூந்து வர முடியாது. பிட்டைத் தாண்டிட்டப்புறம் பஞ்சர் ஆனா திரும்பி நடந்து வரவும் கூடாது, அடுத்த பிட் வரைக்கும் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடணும். வேகமா வந்து எந்தப் பக்கம் சைக்கிளை விடுறது, எந்தப் பக்கம் புதுசை வாங்குறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுப் பக்கத்து மைதானத்துலயே அம்பது தடவை பழகிடுங்க, அங்க போய் கத்துக்க நேரம் கிடைக்காது.

கழுவுறதுக்கு பிரஷர் வாஷர் ரேஸ் நடத்துறவங்களே குடுப்பாங்கன்னு நம்பிப் போறது இன்னொரு தப்பு. பெரிய ரேஸ்ல இருக்கும், சின்ன ரேஸ்ல தண்ணி மட்டும் இருக்கும், மெஷினை நீங்கதான் கொண்டு போகணும். அங்க உள்ளூர்க்காரங்க வேன்ல பெட்ரோல்ல ஓடுற மெஷின், தண்ணி கேன், ரப்பர் பூட்ஸ், மழை கோட்டுன்னு ஒரு பட்டறையையே வச்சிருப்பாங்க. விமானத்துல வர்ற நாம அதைக் கொண்டு வர முடியாது, அதனால முன்னாடியே ஆள் பிடிச்சு, நாளுக்கு இவ்வளவுன்னு காசு பேசி உள்ளூர் மெக்கானிக் ஒருத்தரை ஏற்பாடு பண்ணுங்க. புது டயருக்கு செலவு பண்றதை விட இந்தக் காசு நூறு மடங்கு பலன் தரும், இதை நான் நிச்சயமா சொல்வேன். உங்க நண்பரோ மனைவியோதான் பிட்ல நிக்கப் போறாங்கன்னா பேரிங் மேல நேரா தண்ணியை அடிக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிக் குடுங்க, ரெண்டு ரேஸ்ல பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்துற அச்சு) கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சுடும். அப்புறம் அவங்களுக்கு நீர் புகாத பூட்ஸ், ரெண்டு ஜோடி தடிமனான ரப்பர் கிளவுஸ் வாங்கிக் குடுங்க. ஒரு மணி நேரம் ஐஸ் தண்ணியில கை விட்டுக்கிட்டு நிக்கிறது அவங்கதான்.

டயர் விஷயத்துல 33 மில்லிமீட்டர் விதி. யூசிஐ ரேஸ்ல அதுக்கு மேல அகலம் கூடாது, ஸ்டார்ட் பக்கத்துல அளவு கருவி வச்சு சக்கரத்துல விட்டுப் பாப்பாங்க. டயர் மேல 33னு அச்சடிச்சிருக்கேன்னு நம்பாதீங்க, அகலமான ரிம்ல மாட்டுனா 34, 35 ஆகிடும், வெர்னியர் வச்சு நீங்களே அளந்துட்டுப் போங்க. வறண்ட தரைக்கு ஓட்டுற ஒரே ஒரு டயரோட வந்துடாதீங்க, ஆழமான பட்டன் உள்ள சேத்து டயர் கட்டாயம். காத்தையும் ஊர்ல வைக்கிற அளவு வைக்காதீங்க, கனத்த சேத்துலயும் மணல்லயும் உடம்பு எடையைப் பொறுத்து 1.2, 1.3 பார் வரைக்கும் இறங்குவாங்க, டியூப்லெஸ்ல அவ்வளவு கம்மியா வச்சா ஓரத்துல காத்து பிதுங்குதான்னு முன்னாடியே ஓட்டிப் பாக்கணும். டிஸ்க் பிரேக் பேட் ஈர மணல்ல ஒரே ரேஸ்ல தேஞ்சு போறதும் உண்டு, நாலஞ்சு ஜோடி எடுத்துட்டுப் போங்க. உங்க ஃபிரேமுக்குன்னே வர்ற டெரெய்லர் ஹேங்கர் (டெரெய்லரை ஃபிரேமோட பிடிச்சு வைக்கிற சின்னத் துண்டு) குறைஞ்சது ரெண்டு வேணும், ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும், திறந்திருந்தாலும் அந்த மாடல் இருக்கணுமே. எலக்ட்ரானிக் கியரோட தனி பேட்டரியை கைப்பையில வைங்க, செக்இன் பெட்டியில போடக் கூடாது.

மணல்னா கோக்ஸைட, ஸோன்ஹோவன் ரெண்டும்தான் பேர் போனது. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு நம்ம ஊர்ல சொல்றது இங்க அப்படியே பொருந்தும், ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சு திருப்பப் பாத்தீங்கன்னா தலை குப்புற விழுவீங்க, ஏற்கனவே விழுந்திருக்கிற தடத்துல சக்கரத்தை விட்டு, கையைத் தளர்த்தி, எடையைப் பின்னாடி வச்சு மிதிக்கணும். வேகம் செத்துடுச்சுன்னா உடனே இறங்கி ஓடிடணும், ஓடுறவங்க பல இடத்துல மிதிக்கிறவங்களைத் தாண்டிடுவாங்க. நமூர் வேற மாதிரி, கோட்டை மலைச் சரிவு, பக்கவாட்டுல சாஞ்ச வழுக்குப் பாதை. காலையில ட்ராக் பாக்கும்போது தரை உறைஞ்சு கெட்டியா இருக்கும், மத்தியானம் மூணு மணி ரேஸுக்குள்ள நூறு பேர் ஓட்டி அது குழம்பா ஆயிருக்கும், காலையில பாத்ததை நம்பி டயரை முடிவு பண்ணாதீங்க. உங்களுக்கு முன்னாடி ஓடுற பெண்கள் ரேஸை கயித்தோரம் நின்னு பாருங்க, எந்தத் தடத்துல போறாங்க, எங்க இறங்குறாங்கன்னு அங்கதான் பாடம் இருக்கு.

அடுத்தது பேராசை. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் லூன்ஹவுட், விளக்கு வெளிச்சத்துல நடக்குற டீகம், புத்தாண்டு அன்னிக்கு பால், அப்புறம் குல்லஹெம்னு கிட்டத்தட்ட தினமும் ரேஸ். எல்லாத்துக்கும் பேர் குடுத்துட்டு பத்து நாள்ல ஆறேழு ரேஸ் ஓட்டுறவங்க நாலாவது ரேஸ்லயே காலி. ஒரு ரேஸுக்குப் பின்னாடி இருக்கிற வேலையைப் பாருங்க, நாலே முக்கால் மணிக்கு இருட்டிடும், இருட்டுல ரெண்டு சைக்கிள் கழுவணும், துணியை அலசி மண்ணைப் போக்கிட்டுத்தான் வாஷிங் மெஷின்ல போடணும், ஷூவுக்குள்ள பேப்பர் திணிக்கணும், சாப்பாடு செய்யணும், படுக்க பதினோரு மணி. அமெரிக்காவுல இருந்து வர்றவங்களுக்கு ஆறு மணி நேரமோ அதுக்கு மேலயோ நேர வித்தியாசம் வேற, மூணு நாலு நாள் முன்னாடியே வந்து தூக்கத்தை சரி பண்ணலேன்னா சளி பிடிச்சே தீரும். பத்து நாளுக்கு நாலு ரேஸ் போதும், நடுவுல ஒரு நாள் சும்மா பார்வையாளரா போங்க, அதுவே பெரிய அனுபவம்.

சளி பிடிச்சா மருந்துக் கடையில கிடைச்சதை வாங்கிப் போடாதீங்க. சூடோஎஃபெட்ரின் இருக்கிற சளி மாத்திரை போட்டி நாள்ல ஒரு அளவுக்கு மேல தடை செய்யப்பட்டது. அமெச்சூரை யார் சோதிக்கப் போறாங்கன்னு அலட்சியமா இருக்காதீங்க, ரேஸ் முடிஞ்சதும் சோதனைக்குப் போக வேண்டியவங்க பட்டியலை ஒட்டுவாங்க, அதுல உங்க நம்பர் இருக்கான்னு பாக்குறது உங்க பொறுப்பு. எண்பது சதவீதத்துல வெளிய வந்தவரும் பாத்துட்டுத்தான் கிளம்பணும்.

கார் ஓட்டுறப்ப ஒரே ஒரு விதியை மனப்பாடம் பண்ணுங்க, அடையாளம் எதுவும் இல்லாத சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்றவருக்குத்தான் முதல் உரிமை, அவர் சின்ன சந்துல இருந்து வந்தாலும் சரி. நீங்க பெரிய ரோட்டுல போறீங்கன்னு நிக்காம போனா தப்பு உங்க மேல. ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குள்ள புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் இருக்கு, இங்கிலாந்து நம்பர் வண்டியில போறவங்க முன்னாடியே ஆன்லைன்ல பதிவு பண்ணணும். ரேஸ் ஊர்ல தெருவையே அடைச்சுடுவாங்க, ஓட்டுறவங்க பார்க்கிங் எங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சிக்கிட்டு மூணு நாலு மணி நேரம் முன்னாடி போயிடுங்க, இல்லேன்னா ரசிகர்கள் வண்டி நிக்கிற வயல்ல நிறுத்திட்டு ரெண்டு சைக்கிளையும் சக்கரங்களையும் ரெண்டு கிலோமீட்டர் சுமக்கணும்.

ரேஸ் நம்பர் வாங்குற இடத்தை இன்ஸ்க்ரைவிங்னு போர்டு போட்டிருப்பாங்க, சில இடத்துல நம்பருக்கு டெபாசிட் கேப்பாங்க, கையில கொஞ்சம் சில்லறை யூரோ இருக்கட்டும், நம்பரைத் திருப்பிக் குடுத்ததும் காசு வந்துடும். தங்குற வீட்டுக்காரர்கிட்ட சைக்கிள் கழுவ வெளிய குழாய் இருக்கான்னு புக் பண்றப்பவே கேளுங்க, குளியல் தொட்டியில கழுவி வடிகால் அடைச்சா வர்ற பில்லும் சண்டையும் அடுத்து வர்றவங்களுக்கும் வீடு கிடைக்காம பண்ணிடும். ஊர் திரும்புறதுக்கு முதல் நாளை ரேஸ் இல்லாம காலியா விட்டு டயர் இடுக்கு, ஷூ ஸ்பைக், பெடல் எல்லாத்துலயும் மண்ணை பழைய பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுங்க, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போறவங்ககிட்ட விமான நிலையத்துல பெட்டியைத் திறந்து அந்த மண்ணைத்தான் தேடுவாங்க.