சோறு போடுங்கள், பொய் சொல்லாதீர்கள்: போதையில் சிக்கிய கணவரோடு வாழ்வது எப்படி

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் எங்களுக்கு இது இன்னும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான். என் கணவர் இங்கே செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பல வருடம் ஹெராயின் எடுத்தார். அதில் முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரியவே தெரியாது. சமையலறையில் அலுமினியத் தாள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்று மட்டும் யோசித்தேன். அதில் வைத்துச் சூடாக்கித்தான் புகை இழுத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஒருநாள் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் அடகுச் சீட்டு கிடைத்தது. மகளின் வளையல், 380 வெள்ளி (ரிங்கிட்).

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே கத்தினேன். அதைச் செய்யாதீர்கள், தங்கச்சி. போதையில் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது. கியான், அதாவது போதை இறங்கி உடம்பு மறுபடி கேட்கும் வேதனை, வந்து துடிப்பவருக்கோ அடுத்த பொட்டலத்தைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. தெளிவாக இருக்கும் நேரம் ஒன்று கட்டாயம் வரும். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை பசியாறின பிறகு. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “என்னங்க, வளையல் அடகுக் கடையில் இருக்கு. ராத்திரி நீங்க தூங்கல. எனக்குப் பயமா இருக்கு. கிளினிக்குக்குப் போவோம், நானும் வரேன்.” இவ்வளவு போதும். ‘குடிகேடன்’, ‘உருப்படாதவன்’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். என் வீட்டுக்காரர் முதல் தடவை எழுந்துதான் போனார். நாலாவது தடவை அழுதார்.

நான் மாற்றிக்கொண்டதில் மிகவும் கஷ்டமானது பொய்யை விட்டதுதான். காலை ஆறு மணிக்குக் குத்தகைக்காரர் போன் பண்ணுவார். “அவருக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டார்” என்று நான்தான் சொல்லுவேன். என் அம்மாவிடம் ஒரு பொய், பள்ளி ஆசிரியரிடம் ஒரு பொய். ஒருநாள் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அப்படி மூன்றாவது முறை கொடுத்தபோது அவருக்கு வேலை போனது. அந்த மாதம் சாமான் கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினேன். ஆனாலும் அதற்குப் பிறகுதான் கிளினிக் பேச்சை அவரே எடுத்தார்.

காசு கையில் கொடுக்காதீர்கள். பெட்ரோல் வேண்டுமென்றால் நீங்களே போய் ஊற்றிக் கொடுங்கள். ஆலோங்கிடம் (வட்டி முதலையிடம்) வாங்கிய கடனுக்கு உங்கள் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள். போதைப் பொருளை உங்கள் கைப்பையில் மறைத்து வைக்கவே வைக்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம். ஆனால் சோற்றை மட்டும் நிறுத்தாதீர்கள். எந்த நேரத்தில் வந்தாலும் மூடி வைத்த தட்டு ஒன்று இருக்கட்டும்.

வீட்டில் பூட்டி வைத்துத் தெளிய வைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார். நாங்களும் பின்னறையில் பூட்டினோம். முதலில் கொட்டாவி, மூக்கொழுகல். அப்புறம் உடம்பெல்லாம் புல்லரிப்பு, வாந்தி, பேதி. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். கால் நரம்பு இழுக்கிறது என்று சுவரை உதைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்தில் அடங்கியது, எங்களுக்கும் நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் ஆபத்து. சில நாள் விட்டால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அவர் அதைத்தான் செய்தார். குளியலறை வாசலில் குறட்டை மாதிரி ஒரு சத்தம், உதடு நீலம், தட்டினாலும் கண் திறக்கவில்லை. அப்படிக் கண்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 999-க்கு அடியுங்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் அவர்கள் போனில் சொல்கிறபடி செய்யுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காதீர்கள். மானம் பார்க்கும் நேரம் அது இல்லை.

சரி, கிளினிக். மலேசிய அரசாங்க கிளினிக்குகளில் 2005 முதல் மெத்தடோன் கொடுக்கிறார்கள். ஹெராயினுக்குப் பதிலாகக் குடிக்கும் மருந்து அது. ஏ.ஏ.டி.கே. என்ற தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்துக்கும் கிளினிக்குகள் இருக்கின்றன, தானாகப் போய்ச் சேரலாம். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983-ஆம் ஆண்டு சட்டத்திலேயே தானாக முன்வருபவருக்கு வழி இருக்கிறது. பிடிபட்டுப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். தினமும் காலையில் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாகு மாதிரி மருந்து. கவுண்டரில் நின்று அவர்கள் கண் முன்னால் குடிக்க வேண்டும். விழுங்கினாரா என்று பார்க்க இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். அவர் “நன்றி” என்பார். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து இரண்டு தோசை சாப்பிடுவார். அந்தப் பதினைந்து நிமிடம் நாங்கள் போதையைப் பற்றிப் பேசவே மாட்டோம். மகள் பரீட்சை, மழை, குலை விலை, இதுதான் பேச்சு. தினமும் கூட வருகிற ஒரு ஆள் இருந்தால் மருந்து நிலைக்கும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

“ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மெத்தடோன் ஒரு நாள் முழுக்க நிற்கும், கியான் வராது, ஆள் வேலைக்குப் போவார் என்று சொல்லுங்கள். வருடக்கணக்கில் குடிக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. அதோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்க்கக் கூடாது. வீட்டுக்குக் கொடுத்துவிடும் புட்டியைப் பூட்டி வையுங்கள், ஒரு குழந்தைக்கு அது எமன்.

சியாபு, அதாவது மெத்தம்பெட்டமின், எடுப்பவருக்கு மெத்தடோன் உதவாது. விட்டதும் நாள் கணக்கில் தூங்குவார், அள்ளி அள்ளிச் சாப்பிடுவார், மனம் உடைந்து கிடப்பார். அப்போது தனியே விடாதீர்கள். எடுக்கும் காலத்தில் சந்தேகம் பிடித்துக் கை ஓங்கினால் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள். 15999 தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். அடி வாங்கிக்கொண்டு கூட இருப்பதை நான் அன்பு என்று சொல்லமாட்டேன்.

ஊசி போட்டிருந்தால் இருவரும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி சோதனை செய்துகொள்ளுங்கள்.

மறுபடி விழுவார். என் வீட்டுக்காரர் இரண்டு தீபாவளிக்கு விழுந்தார், கூட்டாளிகள் வந்த ராத்திரி. அன்றைக்குக் கேள்வி கேட்காதீர்கள், மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். விடிந்ததும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சில நாள் மருந்து தவறியிருந்தால் கவுண்டரிலேயே உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத்தான் திரும்ப ஆரம்பிப்பார்கள். போகும்போது தோசைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.