டிட்டர்ஸ்டோன் கிளீ மலை ஏறப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் உள்ள இந்த மலை 533 மீட்டர்தான், ஆனால் உச்சியில் மரமே இல்லாததால் காற்று ஆளையே தள்ளும், கீழே வெயில் அடித்தாலும் காற்று புகாத மேல்சட்டை கட்டாயம். பழைய கல்குவாரியிலேயே காரை நிறுத்திவிட்டு ஏறினால் கொஞ்ச தூரம்தான். நேரம் இருக்கிறதா, அப்படியென்றால் பிட்டர்லி ஊர்ப் பக்கமிருந்து, அந்தக் காலத்தில் கல் ஏற்றிய வண்டிகள் கம்பிவடத்தில் இறங்கிய சரிவை ஒட்டி நடந்து வாருங்கள், அந்த உழைப்பு எவ்வளவு பெரியது என்று காலுக்கே புரியும்.

கல் உடைத்துச் சலித்த கான்கிரீட் கட்டடங்களை வெளியே நின்றே பாருங்கள், உள்ளே நுழையவோ மேலே ஏறவோ வேண்டாம். அப்புறம், மூடுபனி இறங்கினால் உச்சியில் இருக்கும் வெள்ளை ரேடார் உருண்டைகூட மறைந்துவிடும், குவாரி விளிம்பு செங்குத்தானது, உடனே வந்த பாதையிலேயே திரும்பிவிடுங்கள்.